மாமா கடைக் கணக்கும் நான்கு வருஷப் படிப்பும்

பட்டர்வொர்த்திலிருந்து 20 வயதுத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்:

"அக்கா, ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் தேர்வு முடித்துவிட்டு பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஆபரேட்டராக இருக்கிறேன். ஷிஃப்ட் வேலை. இரண்டு வருஷமாக யூடியூப் பார்த்து பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொண்டேன், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டும் தெரியும். மாமாவின் மளிகைக் கடைக்கு ஸ்டாக்கும் பில்லும் பார்க்க ஒரு சிஸ்டம் எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷமாக வியாபாரம் அதில்தான் நடக்கிறது. வருஷக் கணக்கு எடுத்தால் மட்டும் பல நிமிஷம் சுற்றிக்கொண்டே இருக்கும். அம்மா, கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் சேரச் சொல்கிறார். ஃபவுண்டேஷன் ஒரு வருஷம், டிகிரி மூன்று வருஷம். பிடிபிடிஎன் கல்விக் கடன் போக மீதிக்குத் தன் இபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்துத் தருவாராம். கூட வேலை செய்யும் நண்பனோ, 'பில் கேட்ஸே படிப்பை விட்டவன், உனக்கு எதற்கு டிகிரி' என்கிறான். நிரலின் ஒரு பகுதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?"

தம்பி, நீங்கள் அனுப்பிய நிரலை உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடனோடும் அம்மாவின் இபிஎஃப் பணத்தோடும் அந்தக் கல்லூரியில் நான்கு வருஷம் வேண்டாம். அதற்காக, தானே படித்துக்கொள்ளலாம், காகிதம் எதற்கு என்று பேசுகிறவர்களோடும் நான் சேரமாட்டேன். உங்களுக்கு டிப்ளோமாவோ டிகிரியோ தேவைப்படும். அது குறைந்த செலவில், முடிந்தால் சம்பளம் நிற்காமல் வரவேண்டும். எதில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், நீங்கள் தாண்டிக் குதித்துவிட்ட சில பாடங்களுக்குத் திரும்பிப் போகவேண்டும். இருப்பதில் அவசரம் அதற்குத்தான்.

உங்கள் நண்பரை முதலில் அனுப்பிவிடுவோம். பில் கேட்ஸ் 1975-இல் ஹார்வர்டை விட்டது உண்மைதான். ஹார்வர்டில் இடம் கிடைத்தவர், கையில் ஒரு கம்பெனியை வைத்துக்கொண்டு விட்டார். லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1991-இல், லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை வெளியிட்டார். உலகமே அதைப் பயன்படுத்தத் தொடங்கியபிறகும் படிப்பை விடாமல் 1996-இல் முதுகலையை முடித்தார். இந்த இருவரையும் வைத்துப் பட்டர்வொர்த்தில் யாரும் முடிவெடுக்க முடியாது.

இனி உங்கள் நிரல்.

அதில் எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். நான் கோலாலம்பூரில் மென்பொருள் வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்காருகிறவள். வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே வீடியோவைப் பார்த்து எழுதிய ஒரே வானிலை ஆப்பைத்தான் காட்டுகிறார்கள். தினமும் காலையில் கடை திறக்கும் ஒருவர் உங்கள் நிரலை நம்பிக் கல்லாவில் நிற்கிறார் என்பது பெரிய விஷயம். பச்சைப் பட்டாணியை மூட்டையில் வாங்கிக் கிலோவில் விற்பதற்கு நீங்கள் செய்திருக்கும் ஏற்பாடு, கடையில் நின்று பார்த்தவன் எழுதியது. எந்தப் பாடத்திட்டத்திலும் அது வராது.

வருஷக் கணக்கு ஏன் சுற்றுகிறது? ஒவ்வொரு விற்பனை வரிக்கும், பொருள் பட்டியலை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகிறீர்கள். கடையில் 2,000 பொருள், வருஷத்தில் 3 லட்சம் விற்பனை வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மோசமான நிலையில் 60 கோடி ஒப்பீடு. பொருள் குறியீட்டைச் சாவியாக வைத்து, சாவியைச் சொன்னால் நேராக எடுத்துத் தரும் ஒரு டிக்‌ஷனரியில் பட்டியலை முதலிலேயே ஏற்றிக்கொண்டால், 3 லட்சம் தடவை எட்டிப் பார்த்தால் போதும். நீங்கள் மாற்றவேண்டியது நாலைந்து வரிதான். இது உங்களுக்குத் தெரியாமல் போனது உங்கள் குற்றமில்லை. 20 பொருளை வைத்துச் சோதித்தபோது எல்லாமே வேகமாகத்தானே ஓடியிருக்கும்? தரவு பெருகினால் வேலை எத்தனை மடங்கு பெருகும் என்று கணக்குப் போடுவதைக் கல்லூரியில் டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். வரிசைப்படுத்திய பட்டியலில் பாதிப் பாதியாக வெட்டித் தேடினால், 10 லட்சம் பெயரில் ஒன்றை ஏறக்குறைய 20 படியில் பிடித்துவிடலாம். யூடியூப்பில் இதுவும் இருக்கிறது. ஆனால் "ஒரு மணி நேரத்தில் ஆப் செய்வது எப்படி" என்ற வீடியோ பக்கத்திலேயே இருக்கும்போது, ஓடி முடித்த ஷிஃப்டுக்குப் பிறகு யார் இதைத் தட்டுவார்கள்?

அடுத்தது பணம். விலைகளைப் புள்ளி வைத்த எண்களாக வைத்திருக்கிறீர்கள். பைத்தானைத் திறந்து 1.10 + 2.20 என்று போட்டுப் பாருங்கள். 3.3000000000000003 என்று வரும். கணினி ஈரெண் முறையில் எண்ணுவதால் பத்தில் ஒரு பங்கை அதில் சரியாக எழுதி முடிக்க முடியாது; நாம் மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதி முடிக்க முடியாத மாதிரி. எல்லாத் தொகையையும் சென்னிலேயே முழு எண்ணாக வையுங்கள். ரொக்கப் பில்லை 5 சென்னுக்கு ரவுண்ட் செய்வதை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகச் செய்திருக்கிறீர்கள். 2008 ஏப்ரலில் இந்த முறை வந்ததிலிருந்து மொத்தத் தொகைக்குத்தான் ரவுண்டிங், பொருளுக்குப் பொருள் கிடையாது. வருஷக் கடைசியில் கல்லாவும் சிஸ்டமும் சில வெள்ளி இடிக்கிறது என்று மாமா முணுமுணுத்திருந்தால், காரணம் இங்கே இருக்கலாம்.

இன்னொன்று இதைவிட ஆபத்து. மாமா கல்லாவிலும் அத்தை கைப்பேசியிலும் ஒரே நேரத்தில் பில் போடலாம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்டாக்கில் ஒரே ஒரு மூட்டை பொன்னி அரிசி இருக்கும்போது இருவரும் ஒரே நொடியில் விற்றால்? இரண்டு பக்கமும் "1 இருக்கிறது" என்று படிக்கும், இரண்டு பக்கமும் விற்கும், ஸ்டாக்கில் பூஜ்யம் என்று எழுதும். தகராறு இல்லாமல் தப்பு நடந்திருக்கும். போதாததற்கு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து ஒவ்வொரு விற்பனைக்கும் முழுக் கோப்பையும் திரும்ப எழுதுகிறீர்கள்; பாதியில் மின்சாரம் போனால் அன்றைய வியாபாரம் மட்டுமா போகும்? இதற்கெல்லாம் தரவுத்தளத்தில் டிரான்சாக்‌ஷன் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது: எல்லாம் நடக்கவேண்டும், இல்லையென்றால் எதுவுமே நடக்கக்கூடாது. இன்றைய தரவுத்தளங்களில் பெரும்பாலானவை நிற்கும் அடித்தளத்தை ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் எழுதிவிட்டார். நீங்கள் அதைத் தெரியாமல் உங்கள் கைப்பட ஒரு தரவுத்தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் இலவசம், பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. அடுத்த ஓய்வு நாளில் அதற்கு மாற்றுங்கள்.

கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைத்திருப்பதைப் பற்றிப் பேசப்போவதில்லை. இன்றைக்கே மாற்றுங்கள்.

உங்கள் குறைகளை எல்லாரும் பார்க்கப் பட்டியல் போடுவதற்காக இதை எழுதவில்லை. தானாகப் படிப்பவர் எங்கே நிற்பார் என்பதை உங்கள் நிரலே காட்டுகிறது. தேவைப்பட்டதை எல்லாம் கற்றுக்கொண்டீர்கள், நன்றாகவே. தேவைப்படும் என்றே தெரியாதவற்றைத் தேடவில்லை, தேடவும் முடியாது. கல்லூரி செய்கிற ஒரே பெரிய உபகாரம், பிடிக்காத பாடத்திலும் உட்காரவைப்பது. ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், தரவுத்தளம், கொஞ்சம் கணிதம். இந்த நான்கையும் யாரும் ஆசைப்பட்டுத் தொடங்குவதில்லை. பரீட்சை இருக்கிறதே என்றுதான் படிக்கிறார்கள்.

அப்படி உட்காரவைத்தாலும் எல்லாருக்கும் ஏறுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். கையில் முதல் வகுப்பு டிகிரியோடு வருகிற பிள்ளைகள் சிலரிடம், "உங்கள் கடைசி வருஷ புராஜெக்டில் இந்த அட்டவணை எதற்கு?" என்று கேட்டால் பக்கத்தில் இருந்தவர் எழுதினார் என்கிறார்கள். நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்றால் என்னவென்று வேலைக்கு வந்தபிறகு கற்றுக்கொள்கிறவர்களும் உண்டு. அடுத்தவர் எழுதிய பத்தாயிரம் வரி நிரலைப் படித்து அதில் ஒரு பிழையைத் தேடுவதுதான் எங்கள் அன்றாட வேலை. அதைப் பெரும்பாலான கல்லூரிகள் கற்றுக்கொடுப்பதில்லை, வீடியோக்களும் கற்றுக்கொடுப்பதில்லை. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் மற்றவர்களின் சின்னத் திட்டங்களில் பிழை திருத்திப் பழகுங்கள்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். இங்கேதான் நண்பர்களின் பேச்சு ஆளைக் கவிழ்த்துவிடும்.

கோலாலம்பூரில் சின்னக் கம்பெனிகள், புதிதாகத் தொடங்கியவை, வெப் வேலை பார்க்கும் ஏஜென்சிகள் எனப் பல இடங்களில் டிகிரி கேட்கமாட்டார்கள். என்ன செய்திருக்கிறாய், காட்டு என்பார்கள். பாயான் லெப்பாஸில் நிலைமை வேறு. 1972-இல் இன்டெல் வந்த நாளிலிருந்து அங்கே வளர்ந்தது பெரிய பன்னாட்டு ஃபேக்டரிகளின் பழக்கம். ஆபரேட்டர், டெக்னிஷியன், இன்ஜினியர் என்று படிகள் உண்டு. இன்ஜினியர் படிக்குப் பெரும்பாலும் டிகிரி கேட்பார்கள். உங்கள் விண்ணப்பத்தை முதலில் பார்க்கிறவர் நிரல் தெரிந்தவராக இருக்கமாட்டார். எச்ஆரில் ஒருவர், அல்லது ஒரு மென்பொருள், "டிகிரி உண்டா" என்ற கட்டத்தைத்தான் பார்க்கும். அரசாங்கத்தில் ஐடி அதிகாரி வேலைக்கு டிகிரி இல்லாமல் பேச்சே கிடையாது.

பினாங்குப் பிள்ளைகள் பலர் கண் வைத்திருக்கும் சிங்கப்பூரைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2023 செப்டம்பரிலிருந்து அங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்குக் காம்பஸ் என்ற புள்ளி முறை வந்துவிட்டது. 40 புள்ளி வேண்டும். சம்பளத்துக்குப் புள்ளி இருப்பதுபோல் கல்வித் தகுதிக்கும் உண்டு. டிகிரி இல்லாதவருக்கு அந்தப் பிரிவில் பூஜ்யம். மற்றப் பிரிவுகளில்தான் ஈடுகட்டவேண்டும். முடியாதது இல்லை, ஆனால் உங்களை எடுக்கும் முதலாளி அந்தச் சிரமத்தைப் படவேண்டும். 22 வயதில் அதற்காக யாரும் மெனக்கெடமாட்டார்கள்.

படிப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கிற இன்னொரு சலுகையை வீட்டில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இண்டர்ன்ஷிப்புக்கு எடுக்கும் கம்பெனிகளில் பல, கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் கேட்கும். மாணவராக இல்லாதவரை எடுப்பதில்லை. அந்தச் சில மாதங்களில் உட்கார்ந்து பழகிய இடத்திலேயே வேலை கிடைத்தவர்கள் எத்தனையோ பேர். என்னைக் கேட்டால், டிகிரியின் பாதி மதிப்பு அந்த ஒரு கடிதத்தில் இருக்கிறது.

ஆக, காகிதம் வேண்டும். எவ்வளவு விலைக்கு என்பதுதான் பேச்சு.

முதலில் நான் பார்க்கச் சொல்வது பாலிடெக்னிக். எஸ்பிஎம்மை வைத்து யூபியூ என்ற அரசாங்க விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். பினாங்குத் தீவிலேயே பாலிக் பூலாவில் ஒரு பாலிடெக்னிக், தகவல் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா தருகிறது. அரசாங்கக் கட்டணம் என்பதால் ஒரு செமஸ்டருக்குச் சில நூறு வெள்ளியோடு முடிந்துவிடும். தனியார் கல்லூரியின் ஃபவுண்டேஷன் கட்டணத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடித்தபிறகு டிகிரிக்குத் தொடர வழி இருக்கிறது, கெலுகோரில் யூஎஸ்எம் வரை. நம் ஆட்களிடம் பாலிடெக்னிக் என்றால் படிப்பு வராதவர்கள் போகும் இடம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் "என் பையன் கேஎல்லில் டிகிரி படிக்கிறான்" என்று சொல்வதற்கு நாம் கொடுக்கும் விலை பல பத்தாயிரம் வெள்ளி.

சம்பளத்தை விடமுடியாது என்றால் அப்பெல் இருக்கிறது. முன் அனுபவத்தைத் தகுதியாக எடுத்துக்கொள்ளும் முறை இது. தகுதி அங்கீகார அமைப்பான எம்கியூஏவின் கீழ் நடக்கிறது. தொடர்புள்ள வேலை அனுபவம் உள்ளவர்கள் 20 வயதில் டிப்ளோமாவுக்கும் 21 வயதில் டிகிரிக்கும் இந்த வழியில் நுழையலாம். திறன் தேர்வு எழுதவேண்டும், நீங்கள் செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டவேண்டும். மாமா கடை சிஸ்டத்தை அங்கே வையுங்கள். ஓப்பன் யூனிவர்சிட்டி மலேசியா போன்ற இடங்களில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படிக்கலாம். வருஷம் அதிகம் ஆகும். ஷிஃப்ட் முடித்துவிட்டு அசைன்மென்ட் எழுதுவது எளிதல்ல, பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம். நீங்கள் இரண்டு வருஷம் யாரும் சொல்லாமலே படித்தவர் என்பதால் உங்களால் முடியும் என்று நினைக்கிறேன்.

42 பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2013-இல் பாரிஸில் தொடங்கிய நிரல் பள்ளி. சன்வேயில் 42 கேஎல் இருக்கிறது, பினாங்கிலும் உண்டு. கட்டணம் கிடையாது, வாத்தியாரும் கிடையாது; மாணவர்களே ஒருவர் நிரலை ஒருவர் சோதிக்கிறார்கள். சேருவதற்கு முன்னால் சில வாரம் தொடர்ந்து நடக்கும் ஒரு தேர்வுக் காலம் உண்டு, பிசீன் என்பார்கள். பாடம் சி மொழியில் தொடங்குவதால், பைத்தான் உங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்த நினைவக விவகாரம் எல்லாம் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். உங்கள் குறைகளுக்கு நல்ல மருந்து. ஆனால் அங்கே டிகிரி தரமாட்டார்கள், முழு நேரமும் கேட்கும். வேலையை விட்டுவிட்டு மாதச் செலவுக்கு வழி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இவை எதற்கும் முன்னால், நாளைக்கே ஃபேக்டரியில் ஒன்று செய்யலாம். உங்கள் கம்பெனி மாதம்தோறும் எச்ஆர்டி கார்ப்புக்குத் தொழிலாளர் பயிற்சிக்காக லெவி கட்டுகிறது. 10 பேரோ அதற்கு மேலோ மலேசியர்களை வைத்திருக்கும் தயாரிப்பு நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காடு கட்டவேண்டும் என்பது சட்டம். அந்தப் பணம் பயிற்சிக்குச் செலவாகக் காத்திருக்கிறது. பினாங்கில் 1989-இலிருந்து நடக்கும் பிஎஸ்டிசி, ஃபேக்டரி ஆட்களுக்காகவே உண்டாக்கப்பட்ட பயிற்சி இடம். எச்ஆரில் போய், எனக்குப் பைத்தான் தெரியும், டெஸ்ட் பிரிவுக்குப் பயிற்சி கிடைக்குமா என்று கேளுங்கள். சோதனை இயந்திரங்கள் கொட்டும் எண்களை எக்செல்லில் கையால் திருத்திக்கொண்டிருக்கும் டெக்னிஷியன் ஒருவராவது உங்கள் லைனில் இருப்பார். அந்த வேலையை ஒரு சின்ன நிரலால் குறைத்துக் காட்டுங்கள், மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு. ஆபரேட்டரிலிருந்து மேலே போக நான் பார்த்த வழிகளில் இதற்குத்தான் செலவே இல்லை.

சாட்ஜிபிடி வந்தபிறகு கோடிங் படிப்பதே வீண் என்று உங்கள் நண்பர் அடுத்த மாதம் சொல்வார். 2022 நவம்பரில் அது வந்ததிலிருந்து எங்கள் வேலை மாறிவிட்டது உண்மை. புதிதாகச் சேருகிறவர்களிடம் முன்பு கொடுத்த சின்ன வேலைகளை இன்று இயந்திரம் எழுதிவிடுகிறது. நீங்கள் அனுப்பிய நிரலிலும் அதன் கைவண்ணம் தெரிகிறது, சில இடங்களில் உங்களுக்கு வராத சுத்தமான ஆங்கிலத்தில் குறிப்புகள் இருக்கின்றன. தப்பில்லை. ஆனால் அரிசி மூட்டை விவகாரத்தை அது கிளப்பவில்லை பாருங்கள், ஏனென்றால் நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தெரிவதற்குத்தான் அந்த நான்கு பாடமும். ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற இணையப் பாடம் இலவசம். இந்தியாவின் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல்லில் இந்தப் பாடங்கள் முழு விரிவுரைகளாகவே இருக்கின்றன. ஒரு பாடத்தை எடுத்தால் முடிக்காமல் அடுத்ததைத் தொடாதீர்கள்.

அம்மாவிடம் என்ன சொல்வது? வீட்டில் முதல் பட்டதாரி வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருக்கிறது, அதை நண்பரின் பில் கேட்ஸைக் காட்டி மட்டம் தட்டாதீர்கள். இபிஎஃப் மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பிள்ளையின் படிப்புக்கு எடுக்க அனுமதி இருக்கிறது, ஆனால் அது அவர் வயதானபிறகு சாப்பிடவேண்டிய காசு. நீங்கள் 20 வயதுக்காரர், சம்பாதித்துவிடலாம், அவரால் முடியாது.

இத்தனைக்குப் பிறகும் அந்தத் தனியார் கல்லூரிதான் என்று வீட்டில் முடிவானால், பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் நேரில் போங்கள். படிப்பின் பெயரை எம்கியூஏவின் பதிவேட்டில், இணையத்திலேயே, தேடிப் பாருங்கள். அதில் இல்லாத படிப்புக்குப் பிடிபிடிஎன் கிடைக்காது. இண்டர்ன்ஷிப் எத்தனை மாதம், போன வருஷம் பிள்ளைகள் எந்தெந்தக் கம்பெனிக்குப் போனார்கள் என்று கேளுங்கள். ஃபவுண்டேஷனுக்கும் கடன் உண்டா என்று கேளுங்கள். பிடிபிடிஎன் கடனில் டிகிரியை முதல் வகுப்பில் முடித்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, திருப்பிக் கட்டவேண்டாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. கல்லூரி ஏஜெண்ட் அதை முதல் வரியிலேயே சொல்வார், எல்லாருக்கும் முதல் வகுப்பு வராது என்பதைச் சொல்லமாட்டார். பதில்களை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள், பாலிக் பூலாவுக்கு விண்ணப்பிக்க இன்னும் நேரம் இருக்கும்.

டிக்‌ஷனரிக்கு மாற்றியபிறகு வருஷக் கணக்கு எத்தனை நொடியில் வருகிறது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.